சரிபார்த்தவர்

ஆக்னஸ்: ...அதுவும் போகட்டும் சார். உங்க நாவல்ல, ரெண்டாயிரத்துத் தொண்ணூத்தேழுல மனுஷன் மூளைக்குள்ள கம்பெனி சிப்பு வச்சாச்சு. காரெல்லாம் ஆகாசத்துல போவுது. உங்க மாறன் மட்டும் எதுக்கு ஜீடிமெட்லாவுக்கு பஸ்ஸுல போறான்?

குணசேகரன்: கைக்கு? ஏன், பஸ்ஸுக்கு என்ன குறைச்சல்? முப்பத்தொரு வருஷம் நான் பஸ்ஸுலதான் போனேன்.

ஆக்னஸ்: அப்போ மாறன் நீங்கதான்.

குணசேகரன்: நான் அப்படிச் சொல்லலையே.

ஆக்னஸ்: சரி, சொல்லலை. ரிட்டையர் ஆன மனுஷன் சிப்பு, ரோபோன்னு எழுதியிருக்காரே, பேரன் எழுதிக் கொடுத்திருப்பானோன்னு நெனச்சேன்.

குணசேகரன்: ரிட்டையர் ஆனவன் பக்திக் கட்டுரைதான் எழுதணுமா? கம்பெனிக்காரன் உலகத்தை ஆள்ற கதை எழுதக் கூடாதா?

ஆக்னஸ்: எழுதுங்க. டைப் பண்ணுதவ மேல கொஞ்சம் இரக்கப்பட்டு எழுதுங்க. நானூத்திப் பன்னெண்டு பக்கம் சார். ஒரு தப்புக்கு நாலு வேலை பாத்திருக்கீங்க. ஒரு கோடு போட்டு அடிக்கீங்க. மேல சரியானதை எழுதுதீங்க. பக்கத்துல இங்கிலீஷ்ல ஜி.எஸ்.னு போட்டு, தேதி போட்டு, அப்புறம் காரணம் வேற. 'எழுத்துப் பிழை.' 'எழுத்துப் பிழை.' 'வார்த்தை விட்டுப்போச்சு.' கதை எழுதுதவங்க யாராவது இப்படிச் செய்வாங்களா?

குணசேகரன்: மருந்துக் கம்பெனியில இருந்தவன் செய்வான். பிளான்ட்டுல எல்லா ரிஜிஸ்டரும் என் கையில. பக்கத்துக்கு நம்பர் போட்டு, முத்திரை குத்தி, நான் கொடுத்தாத்தான் யாரும் எழுத முடியும். தப்பா எழுதிட்டா கிழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது. ஒரே கோடு. கீழ என்ன இருந்துச்சுன்னு நாளைக்கு வர்றவன் படிக்கணும்.

ஆக்னஸ்: ஒயிட்னர் வைக்கலாமா?

குணசேகரன்: ஒயிட்னர் பாட்டில் கேட்டுக்குள்ள வந்தாலே வேலை போயிடும்.

ஆக்னஸ்: அப்படியா.

குணசேகரன்: ஹவ், ஆமா. அவ்வளவு கண்டிஷன்.

ஆக்னஸ்: பக்கத்துக்குப் பக்கம் அடியில ரெண்டு கட்டம் வேற. 'எழுதியவர்', 'சரிபார்த்தவர்'. எழுதியவர்ல நீங்க போட்டிருக்கீங்க. சரிபார்த்தவர் முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் காலியாக் கெடக்கு.

குணசேகரன்: பழக்க தோஷம்மா. எங்க வேலையில எதுக்கும் ரெண்டு கையெழுத்து. ஒருத்தர் எழுதினா இன்னொருத்தர் பாத்துப் போடணும். இந்த வீட்டுல யாரு பாப்பா? எங்க ஹம்சா செகந்திராபாத்துலேயே பொறந்து வளர்ந்தவ. தமிழ் பேசுவா, படிக்க வராது. பையன் கொண்டாப்பூர்ல இருக்கான். அவனுக்குக் கோவம்கூடத் தெலுங்குலதான் வரும்.

ஆக்னஸ்: என் மவளுக்கும் கோவம் வந்தா தெலுங்குதான். ...அம்மா வீட்டுல இல்லையா இன்னைக்கு?

குணசேகரன்: கொண்டாப்பூர் போயிருக்கா. நான்தான் போயிட்டு வான்னு அனுப்பினேன். காப்பி போடட்டுமா?

ஆக்னஸ்: வேண்டாம் சார். மூணு சந்தேகம் இருக்கு. கேட்டுட்டுக் கிளம்புதேன். ஹப்சிகுடா போய்ச் சேரணும்.

குணசேகரன்: கேளுங்க.

ஆக்னஸ்: மொதல்ல, நாலாம் அத்தியாயம். உலகம் பூரா ஒரே கம்பெனி. சண்டை இல்ல, போலீஸ் இல்ல, கோர்ட்டு இல்ல. எல்லாரும் அமைதியா இருக்காங்க. எப்படி அமைதின்னு எனக்குப் புரியவே இல்ல. கம்பெனி யாரையும் அடிக்கலை, ஜெயில்ல போடலை...

குணசேகரன்: அதுக்குத்தான் திருத்தகம்னு ஒரு ஆபீஸ் வருது. மாறன் வேலை பாக்கிற இடம். கம்பெனியால ஒரு ஆள் செத்துப்போனா, மாறன் பதிவைத் திருத்தணும். செத்தவன் மேலதான் தப்புன்னு.

ஆக்னஸ்: திருத்துனா?

குணசேகரன்: வீட்டுக்காரங்க யார் மேல கோவப்படுவாங்க? செத்தவன் மேலதான். செத்தவன்கிட்ட போய்ச் சண்டை போட முடியுமா? கோவப்பட வேற ஆளே இல்லைன்னா ஊரு அமைதியாத்தானே இருக்கும். புரியற மாதிரி எழுதலையோ?

ஆக்னஸ்: நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. இப்போ புரியுது.

குணசேகரன்: ரெண்டாவது?

ஆக்னஸ்: இருபத்திரெண்டாம் அத்தியாயம். புருஷன் செத்துப்போன ஒரு பொம்பளை வாரா. பேரு கூட இல்ல அவளுக்கு. கம்பெனி மெஷின்கிட்ட வந்து நிக்கா. எல்லாரும் என்னென்னமோ கேக்காங்க. இவ ஒண்ணே ஒண்ணுதான் கேக்கா. 'அவர் கஷ்டப்பட்டாரா?'ன்னு. மெஷின், 'பதிவில் இல்லை'ன்னு சொல்லுது. அவ போயிருதா. அதுக்கப்புறம் கதையில அவ வரவே இல்ல.

குணசேகரன்: அவ... வர மாட்டா.

ஆக்னஸ்: ஏன் சார்? அங்கன பதில் தெரிஞ்சவன் மாறன் ஒருத்தன் இருக்கானே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கான்?

குணசேகரன்: அவனுக்குத் தைரியம் இல்ல.

ஆக்னஸ்: கடைசி அத்தியாயம் வரைக்குமா?

குணசேகரன்: சிலருக்கு வராதும்மா. ...உங்க போன் அடிக்குது.

ஆக்னஸ்: ஒரு நிமிஷம் சார், மவ. ...சொல்லு பிரசன்னா. ...தெலுங்குல படபடன்னு பேசாத, தமிழ்ல சொல்லு. ...என்னது, சாவியை உள்ள வச்சிட்டுக் கதவைச் சாத்திட்டியா? எத்தனை தடவ சொல்லியிருக்கேன், வெளிய வரும்போது கையைப் பாருன்னு? இந்த மறதி எங்கேர்ந்து வருது உனக்கு, அப்படியே உங்கப்பா... ... ...சரி. அழாத. கீழ் வீட்டு ஆன்ட்டிகிட்ட இரு. அம்மா வந்துருதேன்.

குணசேகரன்: திட்டாதீங்கம்மா. சாவிதானே.

ஆக்னஸ்: சாவியிலதான் சார் ஆரம்பிக்குது.

குணசேகரன்: எத்தனாவது படிக்கிறா?

ஆக்னஸ்: இன்டர் முதல் வருஷம், நம்ம ஊரு பிளஸ் ஒன். அவங்கப்பா போகும்போது பத்து வயசு.

குணசேகரன்: ...மூணாவது சந்தேகம் கேட்டுடுங்க. பிள்ளை காத்திருக்கா.

ஆக்னஸ்: இருநூத்தி எண்பத்தேழாம் பக்கம்.

குணசேகரன்: அதுவா. அதை விட்டுடுங்க.

ஆக்னஸ்: கேக்கவே இல்லையே இன்னும்.

குணசேகரன்: நாலு வரி காலியா விட்டுட்டு அடுத்த பாராவுக்குப் போயிடுங்க. நக்கோ, வேண்டாம் அது.

ஆக்னஸ்: நானூத்திப் பன்னெண்டு பக்கத்துல அந்த ஒரே இடத்துலதான் ஒயிட்னர். கெட்டியா, ரெண்டு மூணு தடவ தடவியிருக்கீங்க. தடவிட்டு, அதுக்கு மேலயும் பழக்கத்துல ஜி.எஸ்.னு போட்டு தேதி போட்டிருக்கீங்க. என்கிட்ட பேப்பர் கட்டைக் கொடுத்ததுக்கு முந்தின நாள் தேதி. காரணம் மட்டும் எழுதலை.

குணசேகரன்: ...கைமறதி.

ஆக்னஸ்: நீங்க மறக்குற ஆளா சார்?

குணசேகரன்: ஆக்னஸ்ம்மா, கதைதானே. மாறன் ஒரு ஆளோட பதிவை அழிக்கிற இடம் அது. என்ன அழிச்சான்னு முதல்ல எழுதினேன். அப்புறம் வேண்டாம்னு தோணுச்சு. அவ்வளவுதான்.

ஆக்னஸ்: அவ்வளவுதான்னா சரி. நான் ஒண்ணு கேக்கட்டுமா? செகந்திராபாத்துல தமிழ் டைப் பண்ணுத ஆளே இல்லையா? எதுக்கு இவ்வளவு தூரம் என்னைத் தேடி வந்தீங்க?

குணசேகரன்: யாரோ சொன்னாங்க, ஹப்சிகுடாவுல ஒரு அம்மா வீட்டுல வச்சே...

ஆக்னஸ்: யாரு சொன்னா?

குணசேகரன்: ...இர்பான்.

ஆக்னஸ்: எந்த இர்பான்?

குணசேகரன்: உங்களுக்குத் தெரியும்மா.

ஆக்னஸ்: பேரு தெரியாது. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் ஒருத்தர் தூக்குல ஷீர் குர்மா பாயாசம் கொண்டாந்து குடுப்பாரு. ஆறு வருஷமா வாராரு. எங்க வீட்டுக்காருகூட வேலை பாத்தேன்னு மட்டும் சொல்லுவாரு. உள்ள வாங்கன்னா வர மாட்டாரு, தலையைக் குனிஞ்சுக்கிட்டே போயிருவாரு. அவரா?

குணசேகரன்: அவன்தான். பிளான்ட்டுல ஆபரேட்டர். குமரவேலோட சம்சாரம் இப்போ டைப்பிங் பண்றாங்கன்னு அவன்தான் சொன்னான்.

ஆக்னஸ்: ஆக நான் குமரவேல் வீட்டுக்காரின்னு தெரிஞ்சுதான் வந்தீங்க.

குணசேகரன்: தெரிஞ்சுதான் வந்தேன். மன்னிச்சிடுங்க. நேர்ல சொல்ல வாய் வரலை. எழுதினா நீங்க படிப்பீங்கன்னு... நாவலா எழுதினா, டைப் பண்ணும்போது நீங்களே படிச்சுடுவீங்க, நான் எதிர்ல இருக்க வேண்டாம்னு நெனச்சேன். கொடுக்கிறதுக்கு முந்தின நாள் காலையில அந்தப் பக்கத்தை மறுபடி பாத்தேன். அப்படியே கொடுக்க முடியலை. இங்க வந்திருந்த பேரனோட ஸ்கூல் பையில ஒயிட்னர் இருந்துச்சு.

ஆக்னஸ்: எனக்கும் தெரியும் சார்.

குணசேகரன்: என்ன தெரியும்?

ஆக்னஸ்: நீங்க யாருன்னு. முதல் நாளே. முதல் பக்கத்துல மூணாவது வரியில ஒரு வார்த்தையை அடிச்சு ஜி.எஸ்.னு போட்டிருந்தீங்க. அந்த ஜி-க்கு வால் இழுத்துக் கீழ ஒரு புள்ளி வைக்கீங்களே... அதை ஆறு வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன். இந்தா பாருங்க.

குணசேகரன்: இது...

ஆக்னஸ்: அவுக போனப்போ ஆபீஸ்ல குடுத்த ஜெராக்ஸ். 'அனுமதி இல்லாமல், மீட்டர் பார்க்காமல், தானாக டேங்குக்குள் இறங்கினார்.' எழுதுனது மேனேஜரு. கீழ சரிபார்த்தவர், ஜி.எஸ்.

குணசேகரன்: தெரிஞ்சுமா டைப் பண்ணீங்க? ரெண்டு மாசம்?

ஆக்னஸ்: எந்தப் பக்கத்துல சொல்லுதாருன்னு பாக்கலாம்னு பண்ணுனேன். நூறு பக்கம் போச்சு. இருநூறு போச்சு. ஆகாசத்துல காரு பறக்குது, ரோபோ காப்பி போடுது. இந்த மனுஷன் சொல்ல மாட்டாரு போலன்னு நெனச்சேன். அப்புறம் இருநூத்தி எண்பத்தேழு வந்துச்சு.

குணசேகரன்: நீங்க இதை நம்பியிருக்க மாட்டீங்க. அதான் விசாரிக்க வந்திருக்கீங்க. குமரவேலைத் தெரிஞ்சவங்க யாரும் இதை நம்ப மாட்டாங்க.

ஆக்னஸ்: ...நடந்ததைச் சொல்லுங்க சார். கதையா வேண்டாம்.

குணசேகரன்: காலை ஷிஃப்ட்டு. டேங்கைக் கழுவ ஆள் இறங்கணும். இறங்குறதுக்கு முன்னாடி உள்ள காத்து இருக்கான்னு ஆக்சிஜன் மீட்டர் வச்சுப் பாக்கணும். மீட்டர் ரிப்பேர். அன்னிக்கு இல்ல, ஒரு மாசமா ரிப்பேர். குமரவேல்தான் ஷிஃப்ட் கெமிஸ்ட். ஆள இறக்க முடியாதுன்னுட்டார். அடுத்த வாரம் வெளிநாட்டுலேர்ந்து ஆடிட் வருது, டேங்க் பளபளன்னு இருக்கணும்னு மேனேஜர் நிக்கிறார். இறங்க வேண்டியது இர்பான்.

ஆக்னஸ்: அவருக்குப் பிள்ளைங்க?

குணசேகரன்: மூணு பிள்ளைங்க. மூணாவது பொறந்து இருபது நாள்.

ஆக்னஸ்: எங்களுக்கு ஒண்ணு. ...அதான் கணக்குப் போட்டிருப்பாக.

குணசேகரன்: அவர் இறங்குறதுக்கு முன்னாடி ரிஜிஸ்டர்ல எழுதிட்டு இறங்கினார்ம்மா. எங்க வேலையில எழுதலைன்னா நடக்கலைன்னு அர்த்தம். அது அவருக்கு நல்லாத் தெரியும். டைம் போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதியிருந்தார். அந்தப் பக்கம் சாயந்திரம் என் மேஜைக்கு வந்துச்சு.

ஆக்னஸ்: கிழிக்கச் சொன்னாங்களா?

குணசேகரன்: யாரும் மிரட்டலை. அதுதான் இன்னிக்கும் என்னை அரிக்குது. ஏ.சி. ரூம்ல உக்கார வச்சாங்க. டீ கொடுத்தாங்க. குணசேகரன் காருன்னு மரியாதையாக் கூப்பிட்டு, உங்களுக்கு ரிட்டையர் ஆக ரெண்டு வருஷம்தானே இருக்கு, பேரன் என்ன படிக்கிறான்னு கேட்டாங்க. ஒருத்தரும் குரலை உயர்த்தலை. போனவர் போயிட்டார், பிளான்ட்டை மூடினா நானூறு குடும்பம் என்ன ஆகும், எல்லாம் அமைதியா முடியட்டும்னாங்க. ஒரு புதுப் பக்கம் கொடுங்க, அதே நம்பர்ல. அவ்வளவுதான் கேட்டாங்க.

ஆக்னஸ்: குடுத்துட்டீங்க.

குணசேகரன்: முத்திரை குத்திக் கொடுத்தேன். சரிபார்த்தவர்ல கையெழுத்தும் போட்டேன். பழைய பக்கத்தை... மெஷின்ல விட்டு அரைச்சேன். நானே அரைச்சேன். பாக்கிறவங்களுக்கு மாறன் கதை. எனக்கு அது ஆறு வருஷமா நான் குடியிருக்கிற இடம்.

ஆக்னஸ்: இர்பானு?

குணசேகரன்: அவனுக்கும் டீ கொடுத்தாங்க. திட்டுங்கம்மா.

ஆக்னஸ்: அவுக கஷ்டப்பட்டாங்களா?

குணசேகரன்: இல்லம்மா. உள்ள இருந்தது நைட்ரஜன். வாசனை கிடையாது, எரிச்சல் கிடையாது. ரெண்டு மூச்சு. தூக்கம் வர்ற மாதிரி. சத்தியமாச் சொல்றேன், இதுல பொய் இல்ல.

ஆக்னஸ்: ம்.

குணசேகரன்: தண்ணி குடிங்க.

ஆக்னஸ்: இந்தக் கட்டுல இருநூத்தி எண்பத்தேழை எடுங்க சார். நான் டைப் பண்ணுனது.

குணசேகரன்: ...காலியா விடலையா?

ஆக்னஸ்: வாசிங்க.

குணசேகரன்: கண்ணாடி... எங்க வச்சேன்...

ஆக்னஸ்: சட்டைப் பையில இருக்கு.

குணசேகரன்: 'காலை பத்து நாற்பது. மீட்டர் வேலை செய்யவில்லை. மேனேஜரிடம் சொன்னேன். ஆளை இறக்க மாட்டேன். கட்டாயம் என்றால் நானே இறங்குகிறேன். குமரவேல்.' ...இது எப்படி?

ஆக்னஸ்: போன வியாழக்கிழமை ஜன்னல்கிட்ட தூக்கிப் பிடிச்சேன். வெயில் நல்லா அடிச்சுது. நீங்க அழுத்தி எழுதுத ஆளு சார், பின்பக்கம் பூரா தடம். ஒவ்வொரு எழுத்தா எடுத்து டைப் பண்ணுனேன். நாலு வரிக்கு ஒரு நாள் ஆச்சு.

குணசேகரன்: அவர் எழுதினது இதேதான். ஒண்ணும் கூட்டலை, குறைக்கலை. இங்கிலீஷ்ல இருந்ததைத் தமிழ்ல போட்டேன், அவ்வளவுதான். ஆறு வருஷமா மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

ஆக்னஸ்: உங்க நாவலை நீங்க என்ன வேணா பண்ணுங்க. அச்சுப் போடுங்க, பரண்ல போடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும்.

குணசேகரன்: சொல்லுங்க. எங்க வந்து நிக்கணும்னாலும் நிக்கிறேன். போலீஸ்னாலும் சரி.

ஆக்னஸ்: அது பெறவு. இப்போ இந்த ஜெராக்ஸை வச்சு, உங்க சட்டப்படி திருத்துங்க. ஒரு கோடு. கீழ இருக்கிற பொய்யை நாளைக்கு வாரவ படிக்கணும். நாளைக்கு என்ன, இன்னைக்கே. கீழ் வீட்டுல சாவி இல்லாம உக்காந்திருக்கா.

குணசேகரன்: பேனா கொடுங்க. ...நீலம்தானே? ...ம். 'அனுமதி இல்லாமல்...' அடிச்சாச்சு. மேல எழுதுறேன். 'மீட்டர் வேலை செய்யவில்லை. ஆளை இறக்க மறுத்தார். மேனேஜர் கட்டாயப்படுத்தியதால் தானே இறங்கினார்.' ...ஜி.எஸ். ...இன்னைக்குத் தேதி. ...காரணம் என்ன எழுத?

ஆக்னஸ்: நிஜமான காரணம் எதுவோ அது.

குணசேகரன்: 'எழுதியவர் பயந்தார்.' போதுமா?

ஆக்னஸ்: நீங்க எழுதலையே. சரிபார்த்தீங்க.

குணசேகரன்: ஆமா. ...'சரிபார்த்தவர் பயந்தார்.' எழுதிட்டேன்.

ஆக்னஸ்: குடுங்க சார். வாரேன். பிள்ளை தனியா இருக்கா.

குணசேகரன்: இருங்கம்மா. ஒரு கையெழுத்தோட செல்லாது. திருத்தினது நான். சரிபார்த்தவர்னு இன்னொருத்தர் போடணும். அது நீங்கதான். ஆறு வருஷமா இந்தப் பொய்யை நம்பாம நின்ன ஒரே ஆள் நீங்க. உங்களைத் தவிர யாருக்கும் அந்தக் கட்டத்துல எழுத உரிமை இல்ல.

ஆக்னஸ்: நான் நம்பிட்டேன் சார். போன வியாழக்கிழமை வரைக்கும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன். உங்க கட்டை வாங்குனதே, அவுக கஷ்டப்பட்டாங்களான்னு ஒரு வார்த்தை கேக்கத்தான். அவுக படத்தை நான் வீட்டுல மாட்டலை. சாம்பலைக் கரைக்கும்போதுகூட, ஒரு மீட்டரைப் பாக்க முடியலையா உனக்குன்னு கோவமாத்தான் நின்னேன். பிரசன்னா எதை மறந்தாலும் 'அப்படியே உங்கப்பா'ன்னு சொல்லிச் சொல்லி வளத்துட்டேன்... நீங்க ஒரு நாளுதான் சார் கையெழுத்துப் போட்டீங்க. நான் தினமும் போட்டேன்.